தலையெழுத்தும் சுவர் எழுத்தும்

அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு பேறுகளை வரிசைப்படுத்தி வைத்தனர் நம் முன்னோர். நான்காவதாக நிற்கும் 'வீடு' எந்த வீடு என்று கேட்டால், கல்லும் சுண்ணாம்பும் கொண்ட வீடல்ல, மோட்ச வீடு என்று பொருள் சொல்லுவர் பண்டிதர். செத்த பிறகு கிடைக்கும் வீடு! உயிரோடு இருக்கும்போது மழைக்கு ஒதுங்க, மனைவி மக்களோடு படுத்துறங்க ஒரு கூரை வேண்டுமே, அதற்கென்ன வழி என்று கேட்டுப் பாருங்கள். பண்டிதர் நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். "எல்லாம் அவனவன் தலையெழுத்து" என்பார். நடையைக் கட்டுவார்.

தலையெழுத்து! கொத்தனார் நாலு மாடி எழுப்புகிறார். சித்தாள் அம்மையார் சாந்துச் சட்டி சுமந்து சுமந்து தலை வழுக்கையாகிறார். கிருகப்பிரவேசத்தன்று வாசலில் வாழை மரம், உள்ளே பாயசம். கட்டிய கைகளுக்குச் சொந்தக்காரரோ, அடுத்த தெருவில் இறக்கியிருக்கும் மணல் குவியல்மீது கோணியை விரித்துப் படுக்கிறார். வீடு கட்டியவனுக்கு வீடில்லை! உலகத்திலே பல நாடுகளில், பல நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாமல் கிடக்கும் கணக்கு இது.

திருத்தவே முடியாத கணக்கா? இல்லை, தோழர்களே, இல்லை. திருத்திக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. அந்த ஊரின் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்ல நினைக்கிறோம். ஐரோப்பாவின் நடுவே, டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் வியன்னா, ஆஸ்திரியா நாட்டின் தலைநகர். இசைக்குப் பெயர்போன ஊர் என்று படித்திருப்பீர்கள். நாம் சொல்ல வருவது இசையைப் பற்றியல்ல. அந்த ஊரின் சுவர்களைப் பற்றி! தொழிலாளர் குடியிருப்புகளின் முகப்பிலே, தெருவில் போகிறவர் எல்லாரும் படிக்கும்படி, பெரிய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்: வியன்னா நகராட்சியால், வீட்டு வரிப் பணத்தைக் கொண்டு, இன்ன ஆண்டில் கட்டப்பட்டது என்று. தலையெழுத்தை அழித்த சுவர் எழுத்து அது. அழித்தது எப்படி என்று பார்ப்போம்.

அரசர் ஒருவர் இருந்தார் அந்த ஊரில். பிரான்ஸ் ஜோசப் என்று பெயர். 1848 முதல் 1916 வரை, 68 ஆண்டுகள் கோலோச்சியவர். அவருடைய வேனில் அரண்மனைக்கு ஷோன்புரூன் என்று பெயர். அதில் எத்தனை அறைகள் தெரியுமா? 1,441 அறைகள்! ஓர் அரச குடும்பம் உண்டு, உறங்கி, உலவி வர 1,441 அறைகள்.

அதே ஊரில், அதே காலத்தில், ஆலைத் தொழிலாளியின் வீடு எப்படி இருந்தது? ஓர் அறை, ஓர் அடுப்படி. காற்று வராது. வெயில் விழாது. தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் கிடையாது. நடையிலே, எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாக ஒன்று. கழிப்பறையும் அப்படியே. தொழிலாளர் குடியிருந்த வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு இதுதான் நிலை. அந்தப் பொந்துக்கும் வாடகை கட்ட முடியாமல், இருக்கும் கட்டிலையும் வாடகைக்கு விட்டார்கள். வீட்டையல்ல, தோழர்களே, கட்டிலை! இரவு வேலைக்குப் போகிறவன் பகலில் வந்து படுப்பான். பகல் வேலைக்குப் போகிறவன் இரவில் வந்து படுப்பான். ஒருவன் உடல் சூடு ஆறுமுன் மற்றவன் வந்து விழுவான். ஊரில் காசநோய் பரவிற்று. அந்த நோய்க்கே 'வியன்னா நோய்' என்று பெயர் வைத்துவிட்டனர் ஐரோப்பியர்.

கட்டிலுக்கும் காசில்லாதவர்கள் அனாதை விடுதிகளின் வாசலில் வரிசை நின்றனர். 1909-ம் ஆண்டின் குளிரில் அந்த வரிசையில் நின்ற இளைஞன் ஒருவன், 1910 முதல் 1913 வரை ஆண்கள் விடுதி ஒன்றில் தங்கி, சித்திரங்கள் தீட்டி விற்று வயிறு வளர்த்தான். அவன் பெயர் அடால்ப் ஹிட்லர். அவனை நினைவில் வையுங்கள். இந்தக் கதையில் அவன் மறுபடியும் வருவான்.

1914-ல் மூண்டது முதல் உலகப் போர். 1918-ல் முடிந்தபோது மன்னரும் இல்லை, மணிமுடியும் இல்லை. குடியரசு பிறந்தது. ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1919 மே மாதம் நகரசபைத் தேர்தல். சமூக ஜனநாயகக் கட்சி, தொழிலாளர் கட்சி, பெரும்பான்மை பெற்றது. கையில் கிடைத்ததென்ன? போரில் தோற்ற நாடு. பசியால் வாடும் ஊர். கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்கள். நகரின் ஓரத்துக் காடுகளில் மரம் வெட்டி, தங்களுக்குத் தாங்களே குடிசை போட்டுக்கொண்ட ஆயிரமாயிரம் குடும்பங்கள். கஜானாவோ காலி!

"பணம் எங்கே?" என்று கேட்டனர் கனவான்கள். இன்றைக்கும் ஏழைக்கு ஏதேனும் செய்யலாம் என்றால் முதலில் கிளம்பும் கேள்வி இதுதானே! போருக்குப் பீரங்கி வாங்கியபோது எழாத கேள்வி, பந்தயக் குதிரை வாங்கியபோது எழாத கேள்வி, வீடு கட்டலாம் என்றதும் எழுந்துவிடுகிறது.

கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் வந்தார். ஹியூகோ பிரைட்னர். பாங்கியின் டைரக்டராக இருந்தவர். பணம் எங்கே ஒளியும், எப்படி ஒளியும் என்பதைப் பாங்கிக்குள்ளேயே இருந்து பார்த்தவர். நகரின் நிதிப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது கட்சி. 1922-ம் ஆண்டு தொடக்கத்தில் வியன்னா தனி மாநிலமாயிற்று. தன் வரியைத் தானே விதிக்கும் உரிமை வந்தது. அந்த உரிமையைத் துருப்பிடிக்க விடவில்லை பிரைட்னர்.

மோட்டார் வைத்திருக்கிறீரா? வையும், வரி கொடும். பந்தயக் குதிரை வளர்க்கிறீரா? வளரும், வரி கொடும். ஷாம்பெயின் அருந்துகிறீரா? அருந்தும், அதற்கும் வரி. வீட்டு வேலைக்கு ஓர் ஆள் போதாதா, இரண்டு வேண்டுமா, மூன்று வேண்டுமா? இரண்டாவது ஆளிலிருந்து வரி. இவற்றோடு 1923-ல் வந்தது வீட்டு வரி. அதன் நுட்பத்தைப் பாருங்கள். எல்லாக் குடியிருப்புக்கும் வரி உண்டு. சிறிய வீட்டுக்கு வரி மிகச் சிறிது; பெரிய மாளிகைக்கு வரி மிகப் பெரிது. ஊரிலிருந்த கட்டடங்களில் இருநூறில் ஒரு பங்கு, விலை உயர்ந்தவை. அந்த ஒரு பங்கிலிருந்து மட்டும் மொத்த வரியில் ஏறத்தாழ 45 சதவீதம் வந்து சேர்ந்தது. பணம் எங்கே என்று கேட்டீரல்லவா? அதோ, அங்கே இருந்தது!

பணம் வந்தது. நிலம்? அதற்கும் ஒரு கதை உண்டு. சிப்பாய்களின் குடும்பங்களை வீட்டுக்காரர்கள் வெளியேற்றாதிருக்க, 1917-ல் போர்க்காலச் சர்க்காரே வாடகைக்கு உச்சவரம்பு கட்டியிருந்தது. பணத்தின் மதிப்பு பாதாளத்துக்குப் போயிற்று; வாடகை மட்டும் ஏறவில்லை. வாடகையில் இலாபமில்லை என்றதும் மனை வாங்கிப் பதுக்குகிறவன் ஓடிவிட்டான். மனை விலை சரிந்தது. விலை சரிந்த நேரத்தில் நகராட்சி வாங்கிற்று, வாங்கிக்கொண்டேயிருந்தது. நகரிலேயே பெரிய நிலச் சொந்தக்காரர் யார் என்றால், நகராட்சி! நிலத்தைப் பதுக்குகிறவன் கையில் விட்டுவிட்டு, வீட்டை ஏழைக்குக் கட்டுவேன் என்பது, கிணற்றைப் பக்கத்து வீட்டானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்ப் பந்தல் வைக்கப்போவதாகச் சொல்வதற்கு ஒப்பாகும். வியன்னா அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

1923-ல் தீர்மானம் போட்டார்கள்: ஐந்தாண்டில் 25,000 வீடுகள். தீர்மானம் போடுவது எளிது, நிறைவேற்றுவதல்லவா கடினம் என்று கைகொட்டிச் சிரித்தவர்கள் உண்டு. கெடுவுக்கு முன்பே கட்டி முடித்தார்கள். மேலும் தொடர்ந்தார்கள். 1934 வரையில் 60,000-க்கு மேல் வீடுகள்! கடனுக்குக் கட்டவில்லை, வரிப் பணத்தில் கட்டினார்கள். கடன் இல்லாததால் வட்டி இல்லை. வட்டி இல்லாததால் வாடகையில் அதை ஏற்றவேண்டியதில்லை. பராமரிப்புக்கு வேண்டிய அளவே வாடகை. தொழிலாளியின் கூலியில் சுமார் 4 சதவீதம்! இயந்திரத்தைக் குறைத்து, ஆட்களை அதிகம் வைத்துக் கட்டினார்கள். வேலையில்லாதவனுக்கு வேலை, வீடில்லாதவனுக்கு வீடு.

வீடு யாருக்கு? சிபாரிசுக் கடிதம் கொண்டு வந்தவனுக்கா? இல்லை. தேவைக்கு மதிப்பெண் போட்டார்கள். வீடே இல்லாதவருக்கு இத்தனை, நோயாளி உள்ள குடும்பத்துக்கு இத்தனை, குழந்தைகள் உள்ளவருக்கு இத்தனை, போரில் ஊனமுற்றவருக்கு இத்தனை என்று கணக்கு. தேவை மிக்கவர் முன்னே வந்தார்.

அவற்றில் ஒன்றின் பெயர் கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. 1930 அக்டோபரில் திறந்தார்கள். ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடி தெரியாது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். 1,382 வீடுகள். ஏறத்தாழ 5,000 மக்கள். மொத்த மனையில் கட்டடம் எழும்பிய இடம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் மரம், புல்வெளி, குழந்தைகள் ஓடியாட முற்றம். முன்பு மனைச் சொந்தக்காரன், மூச்சுவிட இடமின்றி, மனையின் பெரும்பகுதியில் கல்லை அடுக்கினானே, அதற்கு நேர் எதிர்! வீட்டுக்குள் தண்ணீர், வீட்டுக்குள் கழிப்பறை. துணி வெளுக்கப் பொது வெளுப்பகம், குளிக்கப் பொதுக் குளிப்பகம், குழந்தைகளுக்குப் பள்ளி, பல் மருத்துவம், படிப்பகம்.

அரசருக்கு 1,441 அறைகள். உழைப்பாளிக்கு 1,382 வீடுகள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், தோழர்களே. இடையிலே நடந்தது என்ன? தேர்தல் நடந்தது! சீட்டைப் பெட்டியில் போட்ட கை, பிறகு செங்கல்லையும் எடுத்தது. அதுதான் நடந்தது.

சீமான்கள் சும்மா இருப்பார்களா? பிரைட்னரைப் 'பறிகாரன்' என்றனர். அவர் யூத இனத்தவர். ஆகவே இனப் பகையையும் கூட்டிக் கலந்தனர். அவர் தலை மண்ணில் உருண்டால்தான் நமக்கு வெற்றி என்று 1930-ல் மேடையில் பேசினார் ஸ்டாரெம்பெர்க் என்ற பிரபு, ஆயுதம் தாங்கிய வலதுசாரிப் படையின் தலைவர். வீட்டு வரி போட்டவர் தலையைக் கேட்டார்கள்! வீட்டுக்காக வரி கேட்டால் தலையையா கேட்பது?

1933-ல் பிரதமர் டோல்புஸ் நாடாளுமன்றத்தை மூடினார். 1934 பிப்ரவரி 12-ம் நாள் தொழிலாளர் எதிர்த்து எழுந்தனர். சர்க்கார் பீரங்கிகளைக் கொண்டுவந்தது. எங்கே நிறுத்தியது? எதிரி நாட்டு எல்லையிலா? கார்ல் மார்க்ஸ் குடியிருப்பின் எதிரே! தாய்மார்களும் குழந்தைகளும் குடியிருந்த வீடுகள்மீது குண்டு விழுந்தது. "இவை வீடுகளல்ல, கோட்டைகள்" என்றார்கள். மழைக்கு ஒழுகாத வீடு ஏழைக்குக் கிடைத்தால், அது ஆதிக்கக்காரன் கண்ணுக்குக் கோட்டையாகத்தான் தெரியும்! சில நாட்களில் போராட்டம் அடங்கிற்று. மேயர் கார்ல் சைட்ஸ் சிறைக்குப் போனார். கட்சி தடை செய்யப்பட்டது. குடியிருப்பின் பெயர் மாற்றப்பட்டது.

1938-ல் அவன் வந்தான். 28 ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் ஆண்கள் விடுதியில் ஒண்டியிருந்த ஹிட்லர், இப்போது படையோடு, பவனியோடு, அதிகாரத்தோடு வந்தான். வீடில்லாத கொடுமை அறிந்தவனாயிற்றே, இரக்கம் பிறந்திருக்குமோ? நகராட்சி வீடுகளில் குடியிருந்த யூதக் குடும்பங்களை, யூதர் என்ற ஒரே காரணத்துக்காக, அதே ஆண்டில் வெளியே தள்ளினார்கள். பிரைட்னர் நாட்டை விட்டு ஓடவேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1946-ல், தான் வீடுகள் எழுப்பிய ஊருக்குத் திரும்பாமலே மாண்டார்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம்? கட்டினால் மட்டும் போதாது என்பதற்காகத்தான். சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நல்லவர் கையில் இருந்தபோது வீடு கொடுத்த அதே நகராட்சி, கொடியவர் கையில் போனபோது அதே வீட்டைப் பறித்தது.

போர் முடிந்தது. 80,000-க்கு மேற்பட்ட வீடுகள் பாழாகிக் கிடந்தன. மார்க்சின் பெயர் மறுபடி சுவரில் ஏறிற்று. கட்டுமானமும் தொடங்கிற்று. இன்று வியன்னா நகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வீடுகள். ஏறக்குறைய 20 இலட்சம் மக்களில் நான்கில் ஒருவர் அவற்றில் குடியிருக்கிறார். இலாபத்துக்கு வரம்பு கட்டப்பட்ட வீட்டுச் சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால், ஊரில் பாதிப்பேர்! தொழிலாளியின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கு, முதலாளி அதே அளவு என்று வீட்டு நிதிக்குச் செலுத்தும் முறையும் இருக்கிறது.

"சர்க்காருக்கு எதற்கய்யா வீட்டு வியாபாரம்? விற்றுவிட்டால் கடன் தீருமே!" என்று புத்தி சொல்ல ஒரு கூட்டம் எங்கும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் அந்தப் புத்தியைக் கேட்டது. 2006-ல் தன் வீடுகள் அனைத்தையும், ஏறத்தாழ 48,000 வீடுகளை, அமெரிக்க முதலீட்டுக் கம்பெனிக்கு விற்றது. கடன் தீர்ந்தது. பிறகு? 2017-ல் அதே நகரம் மறுபடி வீடு கட்டப் புதிதாக ஒரு கம்பெனி தொடங்கவேண்டி வந்தது. ஆஸ்திரியாவின் மத்திய சர்க்காரும் 2004-ல் தன்னிடமிருந்த சுமார் 60,000 வீடுகளை விற்றது. அந்த விற்பனை ஊழல் வழக்காகி, அன்றைய நிதியமைச்சரே தண்டிக்கப்பட்டார். வியன்னா நகராட்சியோ தன் வீடுகளை விற்கவில்லை. பீரங்கிக்குப் பிழைத்த வீடுகள் ஏலச் சுத்தியலுக்கும் பிழைத்தன.

குறையே இல்லையா? உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நாமும் புராணம் பாடுகிறவர்களாகிவிடுவோம். 1960-களில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, துருக்கியிலிருந்தும் யூகோஸ்லாவியாவிலிருந்தும் தொழிலாளரை ஒப்பந்தம் போட்டு அழைத்தது ஆஸ்திரியா. வந்தார்கள். கல் சுமந்தார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். ஆனால் அயல் நாட்டுக் குடிமக்கள் என்பதால் நகராட்சி வீட்டின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. நெடுநாள் வாழ்ந்துவந்த அத்தகையோருக்கும் கதவு திறந்தது 2006-ல்தான். அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வந்து தட்டிய பிறகு! வீடு கட்டியவனுக்கு வீடில்லை என்ற பழைய கணக்கு, சமதர்மம் பேசிய ஊரிலும் பின்வாசல் வழியே நுழைந்து நாற்பது ஆண்டு குந்தியிருந்தது.

இன்னொன்று. 2004-ல் ஒரு குடியிருப்பை முடித்ததோடு, நகராட்சி தானே கட்டுவதை நிறுத்திவிட்டது. ஊர் பெருகிற்று, வாடகை ஏறிற்று. மறுபடி கட்டுவோம் என்று 2015-ல் அறிவித்து, 2019-ல்தான் புதிய குடியிருப்பைத் திறந்தார்கள். ஈராண்டு ஊரில் பதிவு செய்து வாழ்ந்தவருக்கே நகராட்சி வீட்டுக்கு மனுப்போட வழி; நேற்று வந்த கூலிக்காரர் தனியார் வீட்டுக்காரரிடம்தான் சிக்கவேண்டும். தெருவில் படுப்பவரும் முற்றாக இல்லாமற் போய்விடவில்லை. அவர்களுக்காக 2012 முதல் புதிய முறை ஒன்றை நடத்திப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம், "குடியை விடு, வேலை தேடு, ஒழுங்காக நடந்து காட்டு, அப்புறம் வீடு" என்பார்கள். இப்போது, "முதலில் இந்தா சாவி, மற்றவற்றைப் பிறகு சேர்ந்து பார்ப்போம்" என்கிறார்கள். எவ்வளவு எளிய உண்மை! படுக்க இடமில்லாதவனிடம் பண்பாட்டுப் பரீட்சை நடத்துவதை நிறுத்துவதற்கு உலகத்துக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

தோழர்களே! வியன்னா சொர்க்கமல்ல. சொர்க்கம் என்று எதையும் நம்பச் சொல்பவர்களும் நாமல்ல. அது மனிதர்கள் கட்டிய ஊர். மனிதர்களின் தவறும் அதில் உண்டு. ஆனால் அந்த ஊர் ஒரு வாதத்தைத் தீர்த்து வைத்துவிட்டது. வீடற்றிருப்பது விதியல்ல. யார்மீது வரி, யார் கையில் நிலம், யாருக்கு முதலில் சாவி என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு சர்க்கார் சொல்லும் பதில்தான் வீடாகவோ தெருவாகவோ மாறுகிறது.

வீடு தருகிறோம் என்று எந்தக் கட்சி மேடை ஏறினாலும், நம் கட்சியே ஏறினாலும், அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை ஆயிரம் வீடு என்பதை அப்புறம் கேட்கலாம். பதில் தெளிவாக வந்தால் கைதட்டுங்கள். வராவிட்டால் மறுபடி கேளுங்கள்; வரும்வரை கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல. வியன்னாவின் சுவரில், வள்ளல் வழங்கினார் என்று எழுதவில்லை. வரிப் பணத்தில் கட்டியது என்று எழுதினார்கள். உங்கள் பணம், உங்கள் உழைப்பு, உங்கள் வீடு என்பதே அதன் பொருள்.

தலையெழுத்தைக் கண்டவர் எவருமில்லை. சுவர் எழுத்தை எவரும் படிக்கலாம். கண்ணுக்குத் தெரியாததை நம்பிக் கோணியில் படுத்தது போதும். எழுதுகோலும் கரண்டியும் நம் கையில்தான் இருக்கின்றன. சுவரை எழுப்புவோம், எழுத்தையும் நாமே எழுதுவோம்!